ஸ்டெப்னிக்கு அடியில்

ஹால்வர் தன் மீன் லாரியைப் பட்டறைக்குள் ஓட்டி வந்தபோது நாங்கள் மதியச் சாப்பாட்டை முடித்திருந்தோம். வெளியே கும்மிருட்டு. வடதுருவத்தை ஒட்டிய எங்கள் ஊரில் ஜனவரியில் சூரியன் எழுவதில்லை. முற்பகலில் மலைக்குப் பின்னால் கொஞ்சம் நீலம் தெரியும், அதுவும் காபி குடித்து முடிப்பதற்குள் போய்விடும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்போம்.

லாரியின் அடியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டியது. மீன் வாடையும் ஈரக் கம்பளி வாடையும் அதோடு சேர்ந்து உள்ளே வந்தன.

"யோஸ்டைன், ஸ்டெப்னி தட்டுது," என்றபடி ஹால்வர் இறங்கினான்.

"எங்க தட்டுது?"

"அடியில. வேற எங்க, என் தலையிலயா? சுரங்கத்துக்குள்ள போனா மட்டும் தட்டுது. வெளிய வந்து குனிஞ்சு பாத்தா நல்ல புள்ளையா தொங்கிட்டு இருக்கு."

நான் நம்பர் பலகையைப் பார்த்தேன். கதவுக்குப் புது நீலம் அடித்திருந்தார்கள், அதனால்தான் முதலில் தெரியவில்லை. இது ஐலெர்ட் ஓட்டிய லாரி.

"இத ஏன்டா இங்க கொண்டாந்த?" என்று மெதுவாகக் கேட்டேன். "பக்கத்து ஊருக்குப் போயிருக்கலாம்ல?"

"அங்க கேட்டேன், அடுத்த வாரம் வான்னு சொல்றான். மீன் என்ன எனக்காக உயிரோடவா காத்துட்டு இருக்கும்? ரக்னா இன்னைக்கு இருக்க மாட்டாள்னு நெனச்சேன்."

"அவ என்னைக்கு லீவு போட்டிருக்கா?"

ரக்னா என் அக்கா. பட்டறை எங்கள் இருவருக்கும் சொந்தம். ஐலெர்ட் அவள் கணவன். போன குளிர்காலத்தில் கடலுக்கு அடியில் போகும் சாலைச் சுரங்கத்துக்குள், இதே லாரியின் ஸ்டெப்னிக்கு அடியில் செத்துப்போனான்.

லாரியின் ஸ்டெப்னி எங்கே இருக்கும் என்று காரில் போகிறவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். லாரியின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் ஒரு கம்பி வடத்தில் தொங்கும். பக்கவாட்டில் இருக்கும் துளையில் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால் வடம் சுருண்டு சக்கரம் மேலே ஏறும். முழுக்க ஏறியதும் உள்ளே இருக்கும் இரும்புப் பல் ஒன்று விழுந்து பூட்டிக்கொள்ளும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது அதைக் கீழே இறக்கி, உப்பையும் துருவையும் துடைத்து, கிரீஸ் வைத்து ஏற்ற வேண்டும். எங்கள் பக்கத்தில் பல் விழும் சத்தத்தை யாரும் நம்புவதில்லை. ஒருவர் கைப்பிடியைப் பிடித்திருக்க, இன்னொருவர் அடியில் படுத்து இரண்டு கையாலும் சக்கரத்தை இழுத்துப் பார்க்க வேண்டும். மேலே இருப்பவர் "இருக்கா?" என்பார். கீழே இருப்பவர் "இருக்கு" என்பார். அந்தச் சொல் வரும்வரை கைப்பிடியை எடுக்கக் கூடாது.

ஐலெர்ட் செய்தது எங்கள் ஊர் ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு. அடியில் படிந்த உப்பைப் போக்கச் சுடுதண்ணீர் பீய்ச்சிவிட்டு, காயக்கூட விடாமல், வெளிக்குளிரில் நின்றே சக்கரத்தை ஏற்றியிருக்கிறான். உள்ளே போன தண்ணீர் உறைந்துவிட்டது. பல் விழவில்லை, பனிதான் பிடித்துக்கொண்டிருந்தது. இழுத்தால் பாறைபோல நிற்கும். ஆனால் கடலடிச் சுரங்கம் குளிர்காலத்திலும் கதகதப்பாக இருக்கும், அங்கே பனி உருகத் தொடங்கியிருக்கிறது. பாதி வழியில் சக்கரம் தட்டத் தொடங்கியதும் ஓரமாக நிறுத்தி, ரக்னாவுக்குப் போன் போட்டு, போனை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு அடியில் நுழைந்திருக்கிறான்.

அவள் வழக்கம்போல "இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள். இழுத்துப் பார்த்துவிட்டு அவன் "இருக்கு" என்றிருக்கிறான்.

அதற்குப் பிறகு சக்கரம் விழுந்தபோது போனில் அவள் காதில் விழுந்த சத்தம் என்னவென்று நான் இதுவரை அவளிடம் கேட்கவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் வேலைக்கு வந்துவிட்டாள். அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை, ஏதோ ஊசி போட்ட ஈறுபோல எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது. அப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

இப்போது ரக்னா பின்னறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நம்பர் பலகையைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"கைப்பிடியக் குடு," என்றாள்.

"நான் பாத்துக்கறேன் ரக்னா. நீ வீட்டுக்குப் போ."

"தனியா எப்படிப் பாப்ப? குடு."

ஹால்வர் காபி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அந்தமட்டும் அவனுக்குக் கூச்சம் இருந்தது.

சக்கரத்தை இறக்கினோம். நான் அடியில் படுத்து, வடத்தைச் சுருட்டும் வின்ச்சைப் பிரித்தேன். உப்பும் துருவும் மாவாக உதிர்ந்தன. கம்பி வடம் நன்றாகத்தான் இருந்தது, பல்லும் தேயவில்லை. வெப்பக் காற்றடித்து முழுக்கக் காயவைத்து, கிரீஸ் வைத்து மாட்டினேன். தட்டுவதற்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. கையில் பிசுக்கு ஒட்டியிருந்ததால் எழுந்து போய் மேசையில் துணி தேடினேன்.

முதுகுக்குப் பின்னால் ரக்னா சுற்றத் தொடங்கியிருந்தாள். கடகடவென்று வடம் சுருண்டது. சக்கரம் சட்டத்தில் முட்டும் சத்தம். பிறகு அவள் குரல், பழக்க தோஷத்தில்:

"இருக்கா?"

"இருக்கு."

நான் துணியோடு திரும்பினேன். அவள் கைப்பிடியை எடுக்கப் போனவள், என்னைப் பார்த்ததும் நின்றாள். நான் மேசையருகே இருந்தேன்.

லாரிக்கு அடியில் யாரும் இல்லை.

பட்டறையில் சூடேற்றியின் உறுமல் மட்டும் கேட்டது.

"நீயா சொன்ன?" என்று கிசுகிசுத்தாள்.

"இல்ல."

"ஹால்வரா?"

கண்ணாடிக்குப் பின்னால் ஹால்வர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. உதட்டுக்கடியில் அடக்குகிற புகையிலை வாடை. எனக்கும் ரக்னாவுக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. ஐலெர்ட்டுக்கு உண்டு. எங்கள் வீட்டுச் சோபாவில் இன்னும் அந்த வாடை போகவில்லை.

ரக்னா சக்கரத்தைக் கொஞ்சம் இறக்கினாள். மறுபடி ஏற்றினாள்.

"இருக்கா?"

"இருக்கு."

குரலில் பயமும் இல்லை, வலியும் இல்லை. வேலை முடிந்தால் சரி என்கிற மாதிரியான ஐலெர்ட்டின் குரல். எனக்கு ஓட வேண்டும் என்று தோன்றியது, ஆனால் அந்தப் பயமும் எங்கோ தூரத்தில் வேறொருவனுக்கு நடப்பதுபோலத்தான் இருந்தது.

"ஐலெர்ட்," என்று கூப்பிட்டாள். பதில் இல்லை.

"வலிச்சுதா உனக்கு?"

சட்டத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

"இருக்கா?"

"இருக்கு."

"அந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்றான்," என்றாள் என்னிடம். "வேற எதுவும் அவனுக்குக் கேக்கல."

நான் குனிந்து கையை நீட்டிச் சக்கரத்தைத் தொட்டேன். அது ஆடியது. பல் விழவே இல்லை. மொத்தப் பாரத்தையும் அவள் கைதான் தாங்கிக்கொண்டிருந்தது.

"ரக்னா, பூட்டல. அது பொய் சொல்லுது."

"சக்கரத்தப் பத்தி யாரு கேட்டா?" என்றாள்.

அந்த ஒரு வருஷத்தில் முதல்முறையாக அவள் முகம் இளகியிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. ஐலெர்ட்டை நான் ஏற்கெனவே இழந்துவிட்டேன். எனக்கென்று மிச்சம் இருப்பது இவள் ஒருத்திதான். இவளையும் அந்த லாரி கொண்டுபோய்விடும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"இதப் பிடி," என்று கைப்பிடியை என் கையில் திணித்தாள். திணித்த வேகத்தில் பாரம் முழுக்க என் மணிக்கட்டுக்கு வந்தது. விட்டால் சக்கரம் விழும். விடாமல் பிடித்துக்கொண்டு அவளைத் தடுக்க எனக்கு மூன்றாவது கை இல்லை.

அவள் தரையில் படுத்தாள்.

"ரக்னா, வேண்டாம். நான் சொல்றதக் கேளு."

"நீ பிடிச்சுக்கோ. விட்டுடாத."

அடியில் நகர்ந்து போனாள். அவளுடைய பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது.

பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய முடியும்? இறக்கினால் அவள்மேல் இறங்கும். ஏற்றினாலும் பல் பிடிக்க மறுத்தது. கைப்பிடி மெல்லக் குளிர ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் இரும்பின்மேல் வெள்ளையாக உறைபனி படர்ந்தது, சூடேற்றி ஓடிக்கொண்டிருக்கும் அறையில். விரல்கள் மரத்துப்போயின.

"ரக்னா?"

கீழே மூச்சு விடும் சத்தம் கேட்டது. ஒருவருடைய மூச்சு இல்லை அது.

"ரக்னா, இருக்கியா?"

"இருக்கு," என்றான் ஐலெர்ட்.

அந்தச் சொல் வந்தால் கைப்பிடியை எடுக்கலாம். இத்தனை வருஷப் பழக்கம், என் கை தானாகத் தளரப் பார்த்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். "ஹால்வர்" என்று கத்தினேன். வெளியே வந்தது என் குரலாகவே எனக்குப் படவில்லை.

அவன் ரொட்டித் துண்டோடு ஓடி வந்தான். பூட்ஸையும் என் முகத்தையும் பார்த்தான். அவள் இரண்டு காலையும் பிடித்து ஒரே இழுப்பில் வெளியே இழுத்துப் போட்டான். அவள் தலை வெளியே வந்ததும், என் கைக்குள் கைப்பிடி தானாகக் கொஞ்சம் சுற்றியது.

உள்ளே பல் விழுந்தது.

ரக்னா எழுந்து உட்கார்ந்தாள். அவள் இமை முடிகளில் பனி பூத்திருந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. என்னையும் ஹால்வரையும் வேற்றாட்களைப் பார்ப்பதுபோல மாறிமாறிப் பார்த்தாள்.

"சாகப் பாத்தியா ரக்னா?" என்று ஹால்வர் கேட்டான். "என் வண்டிதான் கெடச்சுதா உனக்கு?"

நான் அவளைக் காபி அறையில் உட்காரவைத்துவிட்டு வந்து, மனசைக் கல்லாக்கிக்கொண்டு சக்கரத்தை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. போதாதென்று ஒரு சங்கிலியையும் சுற்றிப் பூட்டினேன்.

"இன்னைக்குப் போகாத," என்றேன் ஹால்வரிடம்.

"ஏன்?"

என்னவென்று சொல்வது? அவன் காதில் எதுவும் விழுந்திருக்கவில்லை. ரொட்டியும் ரேடியோவுமாக இருந்திருக்கிறான்.

"அந்த மீன யாரு சுமக்கிறது, நீயா?" என்றான். "ஸ்டெப்னி பூட்டியிருக்கா இல்லையா, அதச் சொல்லு."

"பூட்டியிருக்கு."

"அப்புறம் என்ன? நீ அவளப் பாத்துக்கோ. தனியா விடாத."

அவன் கிளம்பிப் போனான். நான் பட்டறையை மூடிவிட்டு ரக்னாவை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சொன்னதைச் செய்தாள். கோட்டைக் கழற்று என்றால் கழற்றினாள், உட்கார் என்றால் உட்கார்ந்தாள். மீன் சூப்பைச் சுடவைத்து முன்னால் வைத்தேன். கரண்டியை எடுத்தாள், சூப்பில் விட்டாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. உயிரோடு இருக்கிறாளே, அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எப்படியோ அவளை மீட்டுவிட்டதாக நினைத்தேன்.

போன் அடித்தது. ஹால்வர்.

"யோஸ்டைன், தட்டுறது நின்னுடுச்சு," என்றான். குரல் மிகவும் தணிந்திருந்தது.

"நல்லதாப் போச்சு."

"சுரங்கத்துக்குள்ள ஓரமா நிறுத்தியிருக்கேன். நான் கீழ எறங்கல. ஜன்னலத் தொறந்து வச்சிருக்கேன், அவ்வளவுதான்."

"ஏன் நிறுத்தின?"

"அடியில யாரோ பேசிக்கிறாங்க."

நான் போனைக் காதோடு அழுத்தினேன்.

"ரெண்டு பேரு. ஒரு பொம்பள கேக்குறா, ஒரு ஆளு பதில் சொல்றான். திரும்பத் திரும்ப அதையேதான். நீயே கேளு."

அவன் போனை வெளியே நீட்டியிருக்க வேண்டும். சுரங்கத்தின் காற்று இரைந்தது. அதற்கு அடியில், சின்ன வயசிலிருந்து நான் கேட்டு வளர்ந்த குரல், சந்தோஷமாக, அவசரமே இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"இருக்கா?"

"இருக்கு."

"இருக்கா?"

ஹால்வர் போனை மறுபடி வாயருகே கொண்டுவந்தான்.

"யோஸ்டைன்," என்று கிசுகிசுத்தான், "ரக்னா உன்கூடத்தான இருக்கா?"

மேசைக்கு எதிரே என் அக்கா உட்கார்ந்திருந்தாள். சூப் ஆறி மேலே ஏடு படிந்திருந்தது. கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது.

"ரக்னா," என்றேன். "இருக்கியா?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இருக்கு," என்றாள்.