இருபதாவது கட்டம்

'கிர்ர்ர்... கிர்ர்ர்...'

எங்கேயோ ஒரு போன் விடாமல் அலறிக்கொண்டிருந்தது.

லிஃப்ட் மெக்கானிக் காதைத் தீட்டினார். காலை பத்து மணி. அந்த நாலு மாடிக் கட்டடத்தில் ஆபீசுகள் அப்போதுதான் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தன.

"யாருப்பா அது... போனை எடுத்துத் தொலைங்களேன்!"

யாரும் எடுக்கவில்லை.

சத்தம் லிஃப்ட் குழிக்குள் இருந்து வந்தது!

கீழ்த்தளக் கதவில் சாவியைப் போட்டு நெம்பினார். டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்த வேகத்தில் டார்ச்சைக் கீழே போட்டார்.

குழிக்குள் ஓர் இளைஞன். கழுத்து, திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. பக்கத்தில் கண்ணாடி சிதறிய போன். சில்லுகளுக்கு நடுவே ஒரே ஒரு சொல் மின்னி மின்னி மறைந்தது.

'அக்கா.'

மறுநாள் ஊர் முழுக்க அதே செய்தி. 'கவனத்தைப் பற்றி வீடியோ கேம் செய்தவர் கவனக்குறைவால் பலி!' போனைப் பார்த்துக்கொண்டே நடந்தாராம். ரிப்பேருக்காகத் திறந்திருந்த மூன்றாம் மாடி லிஃப்ட் கதவுக்குள் காலை விட்டாராம். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. கேலிப் படம் போட்டது. இரண்டு நாளில் அலுத்துப்போய் அடுத்த செய்திக்கு ஓடிவிட்டது.

அக்கா மட்டும் ஓடவில்லை.

ஒன்பதாம் நாள், இன்ஸ்பெக்டர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நானும் எட்டு நாளா குடைஞ்சு பார்த்துட்டேன். சாட்சி இல்ல, சண்டை இல்ல, ஒரு கீறல் இல்ல. இன்னைக்கு அஞ்சு மணிக்கு ஃபைலை மூடறேன்."

"நாலரை வரைக்கும் எனக்குக் குடுங்க சார்."

"என்னது? இது என்ன ஜவுளிக்கடையா, பேரம் பேச?"

"ஜவுளிக்கடைக்காரிதானே சார் நான்? வேற எப்படிப் பேசுவேன்?"

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. எதிரே இருந்த முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே போய்விட்டது.

அப்பா அம்மா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அவள். இருபது வருஷமாகத் துணிக்கடை. ஒரே நேரத்தில் நாலு பேருக்குத் துணியை விரித்துப் போட்டு, ஐந்தாவது ஆள் பைக்குள் எதைச் செருகுகிறார் என்று முதுகாலேயே பார்க்கத் தெரிந்தவள்.

"சார், என் தம்பி நடக்கறப்ப போனைத் தொடவே மாட்டான். நான் கூப்பிட்டாக்கூட எடுக்க மாட்டான். அதுக்காக எத்தனை தடவை அவனைத் திட்டியிருக்கேன் தெரியுமா?"

"அது சாட்சி இல்லம்மா. அது பாசம்."

"சரி. அன்னிக்குக் காலையில மூணாவது மாடியில இருந்தது மூணு பேரு. அவங்களை அவன் செஞ்ச விளையாட்டை ஆடச் சொல்லியிருக்கேன். நீங்க பக்கத்து ரூம்ல சும்மா உக்காந்து பாருங்க. போதும்."

"கொலைகாரனை வீடியோ கேம்ல பிடிக்கப் போறீங்களா?"

"கொலைன்னு நீங்களே சொல்லிட்டீங்களே சார்..." என்று எழுந்தாள் அக்கா. "ரெண்டரைக்கு வந்துடுங்க."

மூன்றாம் மாடி. தம்பியின் ஆபீசில் சோதனை அறை.

ஒரு பெரிய திரை. ஒரு நாற்காலி. திரைக்கு அடியில், ஆடுபவரின் கருவிழி அசைவதைப் பின்தொடரும் இரண்டு சின்ன லென்ஸ்கள். மேலே, ஆடுபவரின் முகத்தையும் குரலையும் பிடிக்கும் ஒரு கேமரா. உள்ளே வருபவர்கள் போனை வெளியே உள்ள இழுப்பறையில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். செத்துப்போனவன் போட்ட சட்டம்!

ஆட்டத்துக்குக் கையே வேண்டாம். கண் போதும்.

திரையில் இருபது கட்டங்கள். ஒன்றில் செய்தி. ஒன்றில் பந்தயம். ஒன்றில் நாலு பேர் கத்திக் கத்தி விவாதம். ஒன்றில் சொந்தக்காரர்களின் குரூப் செய்திகள், கொட்டோ கொட்டென்று. எந்தக் கட்டத்தைப் பார்க்கிறோமோ அது பெரிதாகிக் கத்தும். மற்றவை மங்கும். இந்தக் களேபரத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் ஒருவர் சத்தமே இல்லாமல் உதவி கேட்பார். மூன்று விநாடி அவரைப் பார்த்தால் பிழைப்பார். தவறவிட்டால்... அவ்வளவுதான்!

எந்தக் கட்டத்தில் எந்தப் படத்தையும் மாற்றிப் போடலாம். தம்பிதான் கற்றுக்கொடுத்திருந்தான். ஒவ்வொரு தடவையும் முதலில் ஆடிப் பார்க்கிற ஆள் அக்கா. இதுவரை கடைசிவரை ஆடி ஜெயித்த ஒரே ஆளும் அக்காதான்.

இன்று காலை, இருபதாவது கட்டத்தில், இடது பக்கக் கீழ் மூலையில், அவள் ஒரு படத்தைச் செருகியிருந்தாள்.

அதே மாடியின் லிஃப்ட் கதவு. மூடிய கதவு. அசைவில்லை, சத்தமில்லை.

முதலில் ஓவியர் ஆடினாள். கட்டங்களை வரைந்தவள். எட்டு நாளாக அழுது கண் இரண்டும் வீங்கியிருந்தன.

அடுத்து ஒலிக்காரர். கழுத்தில் ஹெட்போனை ஆபரணம் மாதிரி மாட்டியிருப்பவர்.

கடைசியாகத் தம்பியின் பங்குதாரர். எந்தக் கேள்வி கேட்டாலும் மேலே ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும் என்பதால் ஆபீசில் அவனுக்குப் பட்டப்பெயர் 'மெழுகு'. சாவு வீட்டுக்கு ஒரு கையில் மாலையும் மறு கையில் விளையாட்டை விற்கும் பத்திரமுமாக வந்தவன்.

"அக்கா, தம்பியோட நினைவா ஆடறேன்..." என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மூன்று பேரும் முடித்ததும் அறிக்கை வந்தது. யார் எந்தக் கட்டத்தை எத்தனை தடவை பார்த்தார்கள் என்ற பட்டியல். பக்கத்து அறையில் இன்ஸ்பெக்டர் இருபதாவது வரிசைக்குத் தாவினார்.

"அம்மா! ஓவியர் நாப்பத்தோரு தடவை அந்த லிஃப்டையே பார்த்திருக்கா! குத்தமுள்ள நெஞ்சு! பிடிச்சிடலாமா?"

"உக்காருங்க சார். அவளுக்கு அது சோகம். ஒலிக்காரர் பத்தொம்போது தடவை. அது பயம். மூணாவது ஆளைப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் பார்த்தார்.

மெழுகு. இருபதாவது கட்டம். பூஜ்யம்!

"அவர்தான் பார்க்கவே இல்லையே?"

"அதான் சார்! சும்மா நிக்கற சைக்கிளைக் காட்டற கட்டத்தைக்கூட ஒம்போது தடவை பார்த்திருக்கார். இதை மட்டும் ஒரு தடவைகூட இல்ல. என் கடைக்கு வர்றவங்களைப் பாருங்க. ஒரு துணி மனசுல விழுந்துட்டா அப்புறம் அந்தப் பக்கமே தலையைத் திருப்ப மாட்டாங்க. பிடிச்சிருக்குன்னு தெரிஞ்சா விலையை ஏத்திடுவேன்னு பயம். கடை முழுக்கப் புரட்டுவாங்க, அது ஒண்ணைத் தவிர. நான் நேரா அந்தத் துணியைத்தான் எடுத்துப் போடுவேன். இருபது வருஷத்துல தப்பினதே இல்ல."

"அந்தக் கட்டத்துல லிஃப்ட் இருக்குன்னு பார்க்காம எப்படித் தெரிஞ்சுதாம்?"

"ஓரக்கண் எதுக்கு சார் இருக்கு? லென்ஸுக்கு அது தெரியாது. ஆளுக்குத் தெரியும்."

இன்ஸ்பெக்டர் தாடையைச் சொறிந்தார். "பார்த்தான்னு கேஸ் போடலாம். பார்க்கலைன்னு எந்தச் சட்டத்துலம்மா போடறது? கோர்ட்ல சிரிப்பாங்க."

"சிரிச்சவங்களைத்தான் எட்டு நாளா பார்க்கறேனே!" அக்காவின் குரல் கத்தரி மாதிரி இருந்தது. "அதனாலதான் நாலரை வரைக்கும் கேட்டேன். இன்னும் அம்பது நிமிஷம் இருக்கு."

ஐந்து நிமிஷம் கழித்து இன்ஸ்பெக்டர் வராந்தாவில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"வெட்டி வேலை! ஃபைலை மூடறேன்!"

பூட்ஸ் சத்தம் படியிறங்கியது. ஓவியரும் ஒலிக்காரரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார்கள்.

அக்கா சோதனை அறைக்குள் வந்தாள். மெழுகு மட்டும் இருந்தான். திரையில் இருபது கட்டங்களும் ஓடிக்கொண்டிருந்தன.

"பத்திரம் கையில இருக்கா சார்?"

மெழுகு உருகினான். "பையிலயே வெச்சிருக்கேன் அக்கா. தம்பியோட கனவு உலகம் பூரா போகணும்னா..."

"கனவை விடுங்க. விளையாட்டை விலைக்குக் கேக்குதே ஒரு விளம்பரக் கம்பெனி, அது நிஜமா எதை வாங்குது?"

"ஆடறவங்க கண்ணு எங்க போகுது, எங்க நிக்குது, எதை விட்டு நகர முடியாம தவிக்குது... அந்த விவரத்தை."

"மனுஷங்க கண்ணு அலைக்கழியக் கூடாதுன்னு அவன் செஞ்சான். நீங்க தூண்டில் போடறீங்க."

"வியாபாரம் அக்கா. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். அவன் பங்கு இப்போ என்னோடது. நான் கையெழுத்துப் போட்டாத்தான் ஆகும். போடறேன். ஆனா விலை இருக்கு."

"சொல்லுங்க!"

"அவன் எப்படிச் செத்தான்னு சொல்லணும்."

மெழுகின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

"பேப்பர்ல வந்ததே அக்கா..."

"பேப்பர் நானும் படிச்சேன். இன்ஸ்பெக்டர் போயாச்சு. போனெல்லாம் வெளியில. நாளைக்கு நான் போய்ச் சொன்னா யார் நம்புவா? எட்டு நாளா கத்தறேனே, எவன் கேட்டான்? எனக்குத் தெரிஞ்சாப் போதும். தெரியாம என்னால தூங்க முடியல."

"நீங்க கதை கட்டறீங்க."

"அப்போ நான் கடையைக் கட்டறேன்." பேனாவை மூடினாள். எழுந்தாள். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தானே கம்பெனி டைம் குடுத்திருக்கு?"

வாசலை நோக்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பேரத்தில் எழுந்து போகிறவர்கள் எத்தனையாவது அடியில் கூப்பிடப்படுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

ஒன்று... இரண்டு... மூன்று...

"நில்லுங்க!"

மெழுகு பாய்ந்து போய்க் கதவைத் திறந்தான். வராந்தா காலி. பக்கத்து அறைக் கதவில் வெளிப்பூட்டு தொங்கியது. திரும்பி வந்தான். மேலே பார்த்தான்.

"இந்தக் கேமரா?"

"ஓடிட்டிருந்தா ஏதாவது ஒரு கட்டத்துல தெரியுமே சார். இருபதையும் நீங்களே நல்லாப் பார்த்துக்குங்க. அப்புறம் என்னைச் சொல்லாதீங்க."

மெழுகு கில்லாடி. ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் பார்த்தான். செய்தி. பந்தயம். விவாதம். குரூப். சைக்கிள்...

பத்தொன்பது கட்டங்களை அலசினான். இடது பக்கக் கீழ் மூலைக்கு வந்ததும் பார்வை வழுக்கிக்கொண்டு மேலே போய்விட்டது.

"சரி" என்றான். நாற்காலியில் சாய்ந்தான். "நூறு தடவை எடுத்துச் சொன்னேன் அக்கா. உங்க தம்பி பிடிவாதக்காரன். விக்கவே மாட்டேன்னான். அன்னிக்கு எட்டரைக்கு வந்தான். அந்த ரெண்டு பேரும் காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு அவங்கவங்க ரூம்ல இருந்தாங்க. மெக்கானிக் சாவியைக் கதவுலயே தொங்கவிட்டுட்டு டீக்குப் போயிருந்தார். திறந்து வெச்சேன்."

"இழுத்துத் தள்ளினியா?"

"இழுக்கறதா? உள்ள ஏதோ பூனைக்குட்டி கத்துது பாருன்னேன். ஓடி வந்து எட்டிப் பார்த்தான். உதவின்னு ஒரு சத்தம் கேட்டா அவனால பார்க்காம இருக்க முடியாதே! லேசா ஒரு கை. அவ்வளவுதான்."

அக்காவின் விரல்கள் சேலைத் தலைப்பை முறுக்கின.

"போன்?"

"டேபிள்ல இருந்தது. பின்னாடியே தூக்கிப் போட்டேன். இந்தக் காலத்துல பொணத்துக்குப் பக்கத்துல ஒரு போன் இருந்தாப் போதும். யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க!"

"கடைசியா எதுவும் சொன்னானா?"

"'பூனை எங்க?'ன்னு கேட்டான்."

அறையில் விவாதக்காரர்கள் மட்டும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"கையெழுத்து!" மெழுகு பத்திரத்தை நீட்டினான்.

"போடறேன். அதுக்கு முன்னாடி, அந்த இடது பக்கக் கீழ் மூலையைப் பாரு."

"எதுக்கு?"

"பாரு."

"அதெல்லாம் இப்ப எதுக்கு அக்கா..."

"என்னை அக்கான்னு கூப்பிட ஒருத்தன் இருந்தான். அவனை நீ கொன்னுட்ட!" நாற்காலியைப் பிடித்து ஒரே சுழற்று! அவன் தாடையை நாலு விரலால் கவ்வித் திருப்பினாள். "பாருடா!"

பார்த்தான்.

லென்ஸ் அவன் கண்ணைப் பிடித்துக்கொண்டது. இருபதாவது கட்டம் விரிந்தது... விரிந்து விரிந்து திரையை நிறைத்தது!

அதில் லிஃப்ட் இல்லை.

அவனே இருந்தான். வாயைப் பிளந்துகொண்டு. அவன் முதுகுக்குப் பின்னால், திறந்த கதவில் இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார்!

"பின்படி வழியா ஏறி வந்தேன் சார்" என்றார் அவர். "என்னையே உள்ள வெச்சு வெளியில பூட்டினாங்க இந்த ஓவியர். சர்வீஸ்ல இது முதல் தடவை."

ஓவியர் கையில் சாவியோடு நின்றாள். அவள் தோளுக்குப் பின்னால் ஒலிக்காரர் ஹெட்போனைக் காதிலிருந்து இறக்கினார்.

"பூனைக்குட்டி வரைக்கும் துல்லியமாப் பதிவாயிருக்கு" என்றார்.

மெழுகு திமிறினான். விலங்கு விழுந்தது.

"கூட்டுச் சதி! ஏமாத்திட்டீங்க! கையெழுத்துப் போடறேன்னு வாக்குக் குடுத்தியே!"

"வாக்கு வாக்குதான்" என்றாள் அக்கா. பக்கத்து அறையில் கேட்டுக் கேட்டு இன்ஸ்பெக்டர் எழுதியிருந்த வாக்குமூலத் தாளை வாங்கினாள். சாட்சி என்ற இடத்தில், எழுத்துக்கு எழுத்து அழுத்தி, கையெழுத்துப் போட்டாள். "இருபதையும் பார்த்துக்கன்னு சொன்னேன். பார்க்காம வாங்கினது உன் தப்பு. எங்க கடையில வித்த சரக்கைத் திரும்ப எடுக்கறதில்ல."

இன்ஸ்பெக்டர் மணி பார்த்தார். நாலு இருபத்தெட்டு.

"ரெண்டு நிமிஷம் மிச்சம்மா! இவருக்கு ஏதாவது சொல்லணுமா?"

அக்கா முதல் தடவையாகச் சிரித்தாள். பார்க்கவே பயமாக இருந்தது.

"கவலைப்படாதே. போற இடத்துல போன் இல்ல, நியூஸ் இல்ல, விளம்பரம் இல்ல, குரூப் இல்ல... ஆயுள் முழுக்க உனக்குக் கவனம் சிதறவே சிதறாது!"