பச்சையாகவே நின்ற சிக்னல்

ஜன்னலை விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் சிக்னல் இறங்கவில்லை. அதுதான் மருமகனுக்கு முதலில் உறுத்தியது.

மதியத்திலிருந்து அவன் அந்தக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கும் மாமியார், சரியாக சீரியல் ஓடும் நேரத்தில் மாத்திரை மயக்கத்தில் தூங்கிப்போவார். விழித்ததும் கதாநாயகி என்ன ஆனாள் என்று வீட்டையே உலுக்கிவிடுவார். காற்றில் இலவசமாக வரும் ஒளிபரப்பை ஆன்டெனாவில் பிடித்துக் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்துவிடலாம் என்று அவன்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். ஒளிபரப்பைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கித்தரும் விரல் நீள ட்யூனரைச் செருகி, ஜன்னல் கம்பியில் ஆன்டெனாவைக் கட்டி, சேனல்களைத் தேடவிட்டான். எல்லாம் வந்தன. சீரியல் சேனல் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்தது. ஆன்டெனாவை ஒட்டி அவன் நின்றால் படம் தெளிந்து, திரையோரத்துச் சிக்னல் பட்டை பச்சையாக ஏறியது. நகர்ந்தால் சிவந்து சரிந்தது. பக்கத்தில் ஓர் உடம்பு நின்றால் சில நேரம் அப்படி ஆகும் என்று அவனுக்குத் தெரியும்.

"என்ன மாப்பிள்ளை, சிலை மாதிரி நிக்கிறீங்க?" பக்கத்து அறையிலிருந்து அத்தை கேட்டார்.

"நான் நகர்ந்தா உங்க கதாநாயகி காலி, அத்தை."

அத்தையின் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

இப்போது அவன் நகர்ந்துவிட்டான். ஜன்னலருகே யாருமில்லை. பட்டை பச்சையாகவே நின்றது.

வந்தவரை லாபம் என்று பதிவை ஓடவிட்டான். வெளியே பொழுது சாய்ந்து, ஜன்னல் கண்ணாடியில் தெருவுக்குப் பதில் கூடம் தெரியத் தொடங்கியது; மழை பெய்யாத அந்த மாலையில் எங்கிருந்தோ ஈரத்துணியை மூட்டையாகக் கட்டிப் பல நாள் மறந்துவிட்டாற்போல ஒரு புழுங்கிய வாடை வந்து மூக்கில் ஒட்டியது. பட்டை லேசாக இறங்கி ஏறியது. மறுபடி இறங்கி ஏறியது. நின்று நின்று களைத்தவர் கால் மாற்றுவதைப் போல.

'வயர் லூசா இருக்கும்.'

ஆன்டெனாவை அவிழ்த்து, நீள வயரோடு கூடத்தின் எதிர்மூலைக்குக் கொண்டுபோய்த் தரையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தான். பட்டை சிவந்து அடியில் கிடந்தது. ஏமாற்றத்துக்குப் பதில் அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

பட்டை அசைந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஜன்னலிலிருந்து அந்த மூலைக்கு யாரோ ஆற அமர நடந்துபோகும் வேகத்தில். முழுப் பச்சை. திரையில் கதாநாயகி துல்லியமாக அழுதாள். அவன் மூலையைப் பார்க்கவில்லை. பார்க்கக் கழுத்து திரும்பவில்லை.

மனைவி வேலை முடிந்து வர இன்னும் நேரமிருந்தது.

திடீரென்று பட்டை விழுந்தது. படம் உடைந்தது. கூடம் வெறுமையானது, அதை அவன் தோலால் உணர்ந்தான். அடக்கியிருந்த மூச்சை விட்டான்.

"இருட்டுல நிக்காதீங்க, இப்படி உக்காருங்க" என்றார் பக்கத்து அறையில் தூக்கம் கலைந்த அத்தை.

"யார்கிட்ட பேசறீங்க, அத்தை?"



"அப்ப... என் பக்கத்துல உக்காந்திருக்கிறது நீங்க இல்லையா, மாப்பிள்ளை?"

ஓடினான். சுவிட்சைத் தட்டினான். எரியவில்லை. அதே வாடை. கூடத்து வெளிச்சத்தில் அத்தை சுவரோடு ஒண்டிக் கிடந்தது தெரிந்தது. மெத்தையின் இந்தப் பக்கம் குழிந்திருந்தது. ஆள் இல்லை. குழி மட்டும்.

குழி மெல்ல நிமிர்ந்தது.

எதையும் யோசிக்காமல் அத்தையை வாரித் தூக்கினான். அவர் வலியில் அலறினார். காலையில் தூக்கி உட்கார வைத்தபோது இல்லாத கனம். கூடம். வாசல். தாழ்ப்பாளை முழங்கையால் தள்ளினான். நகரவில்லை.

"மாப்பிள்ளை, விட்டுடாதீங்க..."

"விடமாட்டேன் அத்தை. கெட்டியாப் பிடிச்சுக்கங்க."

பிடித்துக்கொண்டார். இரண்டு கைகளாலும் அவன் சட்டையின் மார்பைக் கசக்கிப் பிடித்துக்கொண்டார்.

அவன் கழுத்தைச் சுற்றி இன்னொரு கை, ஈரமாக, பதமாக வளைந்தது.