எல்லாரும் வந்தாச்சா?

தாழ்ப்பாளைப் போட்ட பிறகுதான் பெரியவளுக்கு உறைத்தது. பழக்க தோஷத்தில் "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டிருந்தாள். தையல் அறை இருட்டிலிருந்து "வந்தாச்சு" என்று பதிலும் வந்துவிட்டது.

வாலு போனதிலிருந்து அந்த வீட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை. மூன்று சகோதரிகளில் நடுவில் பிறந்தவள் வாலு. வால் ஒன்றுதான் குறை என்று அம்மா வைத்த பெயர். அவள் சிறுமியாக இருந்தபோது ஒரு மழை நாளில், அவள் வெளியே நிற்பது தெரியாமல் கதவைப் பூட்டிவிட்டார்கள். இடிச் சத்தத்தில் அவள் தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. கேட்காமல் தாழ்ப்பாள் போடக் கூடாது என்ற சட்டத்தை அம்மா அன்றுதான் கொண்டுவந்தாள். அம்மா இறந்த பின்னும் பெண்கள் அதை விடவில்லை. போன மாதம், மழையில் பேருந்து சறுக்கி வாலு செத்த அன்று மட்டும் கதவு விடிய விடியத் திறந்தே கிடந்தது.

பாவம், சின்னவளுக்கும் வாய் தவறியிருக்கும் என்று பெரியவள் எண்ணிக்கொண்டாள். மின்சாரம் போய், பொழுது சாயும் முன்பே வீடு இருட்டியிருந்தது. சின்னவள் முனைக் கடைக்கு மெழுகுவர்த்தி வாங்கப் போயிருந்தாள். போகும்போது சண்டை. "இந்த வீட்ல அவ முக்காலியப் பாத்துக்கிட்டே என்னால இருக்க முடியலக்கா. வேற எங்கயாவது போயிடலாம்" என்றாள். "போறதுன்னா நீ போ" என்று பெரியவள் எரிந்து விழுந்தாள். சொன்ன வாய் மூடும் முன்பே ஏன் சொன்னோம் என்றிருந்தது. தனக்கென்று மிச்சம் இருப்பது இந்த ஒருத்திதான். அதனால்தான் அடுக்களையில் நின்றவளுக்கு வாசல் கதவு கிரீச்சிட்டதும், ஈரக் கால்கள் தையல் அறைக்குள் போனதும் கேட்டபோது போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

"மெழுகுவர்த்தி கிடைச்சுதா?"

பெரியவள் தையல் அறைப் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் கோவமாடி?"

மழை ஓட்டின் மேல் சீராக இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் இன்னொரு சத்தம், துணிக்குள் ஊசி நுழைவதும் நூல் சரசரவென்று இழுபடுவதும் மறுபடி ஊசி நுழைவதுமாக, அவசரமே இல்லாமல் கேட்டது. மிஷின் எண்ணெயும் கஞ்சி போட்ட துணியும் மணக்கிற அந்த அறையிலிருந்து, இன்று ஏனோ சேறும் டீசலும் கலந்த வாடை வந்தது. பெரியவள் சுவரைத் தடவியபடி அறையின் வாசற்படி வரை போனாள்.

"இருட்டுல என்னடி தைக்கிற? கண்ணு போயிடும்."

"பழகிடுச்சு."

சளி பிடித்த குரல். நனைந்திருப்பாள். இருட்டிலிருந்து ஒரு சட்டை அவள் கைக்கு வந்தது. நாளைக்குக் கொடுக்க வேண்டிய சட்டை. பட்டன் துளைகளுக்குக் காஜா எடுக்க ஆளில்லாமல் அப்படியே கிடந்தது அது. பெரியவள் விரலால் தடவினாள். முதல் துளை. அடுத்தது. அதற்கடுத்தது. எறும்பு வரிசை மாதிரி, ஒரு இழை பிசகாமல்.

சின்னவளுக்குக் காஜா வராது. "எலி கடிச்ச ஓட்டையாட்டம் இருக்கு" என்று அம்மா சிரித்துக்கொண்டே இருப்பாள். இப்படி எடுக்கத் தெரிந்த கை இந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

சட்டை நனைந்திருந்தது.

அப்போது வாசல் கதவு தட்டப்பட்டது.

"அக்கா! ஏங்க்கா தாழ்ப்பாள் போட்ட? நான் இன்னும் வரலையே! நனையறேங்க்கா, திற!"

சின்னவள். வெளியே.

பெரியவள் ஓடினாள். கால் இடறியது. கதவு. தாழ்ப்பாள். அதைப் பிடித்தாள்.

பின்னால் தையல் நின்றது.

முக்காலி நகர்ந்தது.

ஈரக் கால்கள். நிதானமாக. கூடத்தைத் தாண்டி.

"அக்கா, யாருக்கா உள்ள நடக்கறது? யார் கூட இருக்க?" சின்னவள் அழ ஆரம்பித்திருந்தாள். "அக்கா!"

தாழ்ப்பாளின் மேல் இருந்த பெரியவளின் கைமேல் இன்னொரு கை வந்து படிந்தது. சில்லென்றிருந்தது. நடுவிரலில், ஊசி குத்தாமலிருக்க வாலு எப்போதும் மாட்டியிருக்கும் இரும்புத் தொப்பி.

"எல்லாரும் வந்தாச்சுக்கா" என்றது அந்தக் குரல், காதுக்கு வெகு அருகில்.

வானம் உறுமியது. சின்னவள் இரண்டு கைகளாலும் கதவை அறைந்தாள்.

"தட்டட்டும். இடிச் சத்தத்துல யாருக்கும் கேக்காது."

அந்தக் கை, பெரியவளின் கையோடு சேர்த்துத் தாழ்ப்பாளை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளியது.