பெயர்க் கட்டத்தில் ஒரு ஓட்டை

"இன்னும் பேரே முடிவாகல. அதுக்குள்ள ஃபாரத்துல என்னப்பா எழுதறீங்க?"

"இனிஷியல் மட்டும்தான் பாப்பா. சண்டையெல்லாம் பேருக்குத்தானே? இனிஷியலுக்கு யாரு சண்டை போடப் போறாங்க?"

அப்பாவும் மகளும் இப்படிப் பேசிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. குழந்தைக்கு அப்போது மூன்று நாள் வயது. மகள் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அந்தப் பேச்சு சனிக்கிழமை காலையிலேயே நினைவுக்கு வந்திருந்தால் வழக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். வரவில்லை. இரண்டு மணி நேரம் பிடித்தது.

காலை 9.10.

"ஐயோ, போச்சே!"

கூடத்திலிருந்து பெரியவரின் குரல். பீரோ திறந்து கிடந்தது. சாவி அதில் தொங்கியது. பெரியவரின் கையில் பேத்தியின் பிறப்புப் பதிவு விண்ணப்பம். அதன் நடுவே ஒரு நீள்சதுர ஓட்டை. ஓட்டை வழியாக அவருடைய மூக்கு தெரிந்தது.

"குழந்தையின் பெயர்" என்று அச்சிட்ட இடம் அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்துக் கட்டத்தைத்தான் யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள்.

அன்று குழந்தை பிறந்த இருபத்தோராம் நாள். தாமதக் கட்டணம் இல்லாமல் பிறப்பைப் பதியக் கடைசி நாள். அலுவலகம் பன்னிரண்டு மணிக்கு மூடிவிடும். தவறினால் அபராதம், மனு, உறுதிமொழிப் பத்திரம். பிறகு வக்கீல் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் செருப்புத் தேய நடக்க வேண்டும். எழுதியது ஒரு முறை ஏறிவிட்டால் மாற்றுவதும் அதே பாடுதான்.

"யாரும் வெளிய போகக்கூடாது," என்றபடி வந்தாள் பெரியவரின் மகள். குழந்தைக்கு அத்தை. ஸ்டேஷனில் மேடம், தெருவில் எஸ்.ஐ. அக்கா. அப்பாவுக்கு மட்டும் நாற்பத்திரண்டு வயதிலும் பாப்பா. புதுப் பாப்பா வந்த பிறகு அந்தப் பட்டம் ஆட்டம் கண்டிருந்தது.

"போலீஸை வீட்டுக்கே வரவழைச்சாச்சா?" என்றான் சோபாவில் படுத்திருந்த கிரேன்காரன். குழந்தையின் தாய்மாமன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். முப்பது டன் பெட்டியைப் பூப்போல இறக்குவான். மூன்று கிலோ மருமகளைத் தூக்கச் சொன்னால் வியர்த்துவிடும்.

"போலீஸ் இருபது நாளா இங்கதான் துணி மடிச்சிட்டிருக்கு. எந்திரிங்க. விசாரணை."

காலை 9.25.

"நேத்து ராத்திரி பேரு முடிவாச்சு. நீங்க சொன்ன பேரு தோத்துப் போச்சு. கோவம்தானே?"

"கோவம்தான் மேடம். மூணு சப்பாத்தி கம்மியா சாப்பிட்டேன்."

"எத்தனை சாப்பிட்டீங்க?"

"எட்டு."

"பீரோ பக்கத்துலதான் படுத்திருந்தீங்க. சாவி காலண்டர் ஆணியில தொங்குறது தெரியும்."

"அது பால்காரருக்கே தெரியும். அட, உண்மையைச் சொல்றேனே, எனக்கு அந்தப் பேரு பிடிக்கல. ஆனா வெட்டி எடுத்தா என் பேரு வந்துடுமா? மறுபடியும் ஓட்டு போட்டா மறுபடியும் தோப்பேன்."

எஸ்.ஐ. அக்கா விண்ணப்பத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஓட்டையின் விளிம்பு நேர்க்கோடாக இல்லை. சின்னச் சின்னப் பிறைகளை வரிசையாக அடுக்கியதுபோல இருந்தது. பெரிய கத்தரிக்கோல் இப்படி வெட்டாது. குழந்தைக்கு நகம் வெட்டுகிற வளைந்த கத்தரி வெட்டும்.

அது தொட்டில் பக்கத்துத் தட்டில் இருந்தது. கூடவே சீப்பு, பஞ்சு, சொட்டு மருந்து பாட்டில். கத்தரியின் முனையில் ஒரு துளி எண்ணெய். எண்ணெயில் ஒட்டிக்கொண்டு ஒரு இழை காகிதம்.

"இதுல விரலை விடுங்க," என்று கிரேன்காரனிடம் நீட்டினாள்.

அவன் சுண்டு விரலை நுழைத்தான். நகத்தோடு நின்றுவிட்டது. மோதிர விரலுக்கு நகமும் போகவில்லை.

"நீங்க போகலாம்."

"நிரபராதின்னு எழுதிக் குடுங்க மேடம். ஓட்டை இல்லாத பேப்பர்ல."

காலை 9.50.

பெரியவர் விண்ணப்பத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். நில அளவை அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் வரைபடங்களில் ஊர்ப்பெயர் எழுதிய கை அது.

"கறுப்பு மை. சாய்வே இல்லாத எழுத்து. ஒரு அடித்தல் உண்டா, திருத்தல் உண்டா? கீழேயே போட்டிருக்கான் பாரு, அடித்தல் திருத்தல் இருந்தா வாங்க மாட்டோம்னு. அதுக்குப் பயந்து மூச்சைப் பிடிச்சிட்டு எழுதினேன்."

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

"காலைல ஏழு மணிக்கு ஒரு தடவை எடுத்து ரசிச்சேன்."

தன் எழுத்தை அவரே வெட்டியிருக்க மாட்டார். விரலை வேண்டுமானால் வெட்டிக்கொள்வார்.

காலை 10.05.

உள்ளறையில் பெரியவரின் மருமகள் தன் குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துப் பிரிவில் வேலை. வீட்டிலும் அதே கை. பருப்பு டப்பாவுக்குக்கூடத் தேதி போட்டு லேபிள் ஒட்டுவாள். எதைத் தொட்டாலும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துத்தான் வைப்பாள்.

"பேரு உனக்குப் பிடிச்சதுதானேம்மா?"

"ரொம்பப் பிடிச்சது அண்ணி. நாலே எழுத்து. கூப்பிட்டா வாய் இனிக்குது."

"இந்தக் கத்தரியைக் கடைசியா யாரு எடுத்தது?"

மருமகள் வாங்கிப் பார்த்தாள். முகம் சுளித்தது. "இதைத் துடைக்காம யாரு வெச்சா? குழந்தை நகத்துல படறதாச்சே!" அந்த நிமிடமே பஞ்சை எடுத்துத் துடைத்துவிட்டாள். சாட்சியம் குப்பைக்கூடைக்குப் போனது. எஸ்.ஐ. அக்கா கூடையை ஒரு முறை எட்டிப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தானா?"

"அங்க இன்னும் மோசம் அண்ணி. ஒரே பேர்ல ஒரே நாள்ல மூணு பேர் வந்து நிப்பாங்க. இனிஷியல்தான் ஆளைப் பிரிச்சுக் காட்டும். ஒரு எழுத்தைக் கவனிக்காம விட்டா சுகர் மாத்திரை பிரஷர்காரருக்குப் போயிடும்." சொல்லிவிட்டுக் குழந்தையின் சட்டைப் பொத்தானையே பார்த்தாள். "அண்ணி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"ஒண்ணுமில்ல. நேரமாச்சு, மாமாவை முதல்ல சாப்பிடச் சொல்லுங்க."

எஸ்.ஐ. அக்கா சொட்டு மருந்து பாட்டிலைத் திருப்பினாள். இதற்கும் லேபிள். குழந்தையின் பெயர், அளவு, காலை 7.30, நேற்றைய தேதி. பெயர் முடிவான கையோடு எழுதி ஒட்டியிருக்கிறாள். அளவும் நேரமும் தாராளமாக இருந்தன. பெயர் மட்டும் லேபிளின் ஓரத்தில் இடித்துக்கொண்டு நெருக்கியடித்து நின்றது.

"தினம் இதை யாரு குடுக்கறது?"

"அவருதான். ஒரு சொட்டு கூடிடுமோன்னு லேபிளை நாலு தடவை படிப்பாரு."

காலை 10.30.

'அவர்', அதாவது குழந்தையின் அப்பா, அடுத்த அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஊரார் கண்ணைச் சோதிப்பவன். வீட்டில் அவனுக்குப் 'பதட்டம்' என்று பெயர். குழந்தை தும்மினால் மூன்று டாக்டருக்கு போன் போவது வழக்கம். பிரசவத்தன்று ஆட்டோவில் மனைவியை ஏற்றாமல் பையை மட்டும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல்வரை போனவன்.

இன்று அவன் காலரை நிதானமாக நீவிக்கொண்டிருந்தான். ஏதோ பாட்டைக்கூட முணுமுணுத்தான்.

"காலைல எங்கடா போன?"

"எட்டு மணிக்குப் பால் வாங்கப் போனேன்க்கா."

"பால் எங்க?"

"கடையில... தீர்ந்து போச்சு."

அக்கா சமையலறைக்குப் போய்க் குளிர்பெட்டியைத் திறந்தாள். மூன்று பாக்கெட் பால் சில்லென்று அவளைப் பார்த்தன. அப்போதுதான் பதினெட்டு நாளுக்கு முந்தைய பேச்சு காதில் கேட்டது. திரும்பி வந்து பெரியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்பா, அந்தக் கட்டத்துல என்ன எழுதியிருந்தீங்க?"

"பேரு."

"பேரு மட்டுமா?"

"இதென்ன கேள்வி? இனிஷியலும் பேரும்."

காலை 11.05.

எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மருமகள் தோளில் குழந்தை விக்கிக்கொண்டிருந்தது. எஸ்.ஐ. அக்கா இல்லாத தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"வெட்டினது நகக் கத்தரி. இவரு விரல் அதுல நுழையாது. துடைக்காம வெச்சிருக்கு, அதனால இவ இல்ல. அப்பா எழுத்தை அப்பா வெட்ட மாட்டாரு. மிச்சம் யாரு?"

"குழந்தை," என்றான் கிரேன்காரன்.

"குழந்தையோட அப்பன். ஈ பறந்தாலே எந்திரிச்சு ஓடறவன், மகளோட ஃபாரம் கிழிஞ்சு கிடக்கு, கடைசி நாள், உக்காந்து இஸ்திரி போடறான். ஏன்? வேற ஃபாரம் கைல இருக்கு. உன் கடைப் பையைத் திற."

பதட்டத்துக்குப் பதட்டம் திரும்பி வந்தது. பையைத் திறந்தான். ஜெராக்ஸ் கடையில் அச்சடித்த புது விண்ணப்பம் மடிப்புக் கலையாமல் இருந்தது.

"அடப்பாவி!" என்றார் பெரியவர். "பேரு பிடிக்கலைன்னா நேத்தே சொல்லியிருக்கலாமே!"

"இங்கதான்ப்பா நாம எல்லாரும் தப்பு பண்ணினோம். அந்தப் பேரைச் சொன்னதே இவன்தான். பேரு பிடிச்சிருக்கு, பதிவும் இன்னைக்கே நடக்கணும். அப்புறம் எதுக்கு வெட்டணும்? அந்தக் கட்டத்துல இருந்தது ரெண்டே விஷயம். பேரை விட்டா மிச்சம் இனிஷியல். இருபது நாளா பேருக்காக அடிச்சுக்கிட்டோம். பேருக்கு முன்னால நிக்கிற எழுத்தை ஒருத்தரும் திரும்பிப் பாக்கல."

"அதுவும் இவன் பேரோட முதல் எழுத்துதானே! தன் எழுத்தைத் தானே வெட்டுவானா?"

அக்கா சொட்டு மருந்து பாட்டிலை மேசைமேல் வைத்தாள். "நாலு எழுத்துப் பேரு ஏன் லேபிள்ல இடிக்குதுன்னு பாருங்க."

பெரியவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். பெயருக்கு முன்னால் ஒரு எழுத்தல்ல, இரண்டு நின்றன. ஒன்று மகனுடைய பெயரின் முதல் எழுத்து. மற்றது மருமகளுடையது.

மருமகள் சிவந்து போனாள். "அது... சும்மா எழுதிப் பாத்தேன். வீட்டுக்குள்ள இருக்கற பாட்டில்தானேன்னு."

"ஏழாம் மாசத்துல இருந்துப்பா," என்றான் மகன். "'ஒண்ணு கேக்கணும்'னு ஆரம்பிப்பா. 'விடுங்க'ன்னு முடிச்சிடுவா. ஆஸ்பத்திரியில ஒரு தடவை, நேத்து நீங்க எழுதறப்போ ஒரு தடவை. என்னன்னே எனக்குப் புரியல. காலைல லேபிளைப் படிச்சப்பதான் புரிஞ்சுது. சேர்த்து எழுதலாம்னா அடித்தல் திருத்தல் கூடாதுன்னு போட்டிருக்கு. நீங்க வேற அதைத் தடவித் தடவி ரசிச்சிட்டிருந்தீங்க. எப்படிச் சொல்றது? கட்டம் காலியா இருந்தா அவளே வாயைத் திறப்பாளோன்னு..."

"நல்லா திறந்தா போ," என்றான் கிரேன்காரன். "நான்தான் திருடன் ஆயிட்டேன். ஏன் தங்கச்சி, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிண்ணா? கல்யாணமாகி ஒரு மாசத்துல பேங்க் புத்தகத்துல என் இனிஷியல் மாறிடுச்சு. கேஸ் சிலிண்டர் புத்தகத்துல மாறிடுச்சு. பிரசவ வார்டு சீட்டுல மாறிடுச்சு. யாரும் என்னைக் கேக்கல. சரி, இது கேக்கற விஷயம் இல்ல போலன்னு நானும் இருந்துட்டேன்."

மகன் கண்ணாடிக் கூட்டைத் திறந்தான். லென்ஸ் துடைக்கிற துணியில் சுற்றி வைத்திருந்த துண்டுக் காகிதத்தை அப்பாவிடம் நீட்டினான். சாய்வே இல்லாத அந்த எழுத்து கசங்காமல் இருந்தது.

"எழுத்துக்கு ஒண்ணும் ஆகலப்பா. பத்திரமா வெட்டினேன்."

"வெட்டறதுல என்னடா பத்திரம்?" பெரியவர் துண்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். புது விண்ணப்பத்தை மேசையில் விரித்தார். மடிப்பைப் புறங்கையால் நீவினார். பேனா மூடியைத் திறந்து காகித ஓரத்தில் முனையை ஒரு முறை தட்டிப் பார்த்தார்.

மணி 11.20. அலுவலகம் நடந்தால் பத்து நிமிடம். யாரும் அவசரப்படுத்தவில்லை. பதட்டம்கூட இல்லை.

"முப்பத்தஞ்சு வருஷம், எழுதறதுக்கு முன்னாடி கேட்டுக் கேட்டுத்தான் எழுதினேன். ஊருக்கு ஊர் போய், உங்க ஊரை எப்படி எழுதுவீங்கன்னு கேட்டேன். வீட்டுல கேக்கல," என்றார். பேனா கட்டத்துக்குமேல் நின்றது. "சொல்லும்மா. என்ன எழுதணும்?"

மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் இஸ்திரி போட்ட காலரைப் பிசைந்துகொண்டிருந்தான். அண்ணியைப் பார்த்தாள். அண்ணி, போலீஸ்காரியாக இல்லாமல், பொறுமையாகத் தலையாட்டினாள். குழந்தையின் விக்கல் நின்றிருந்தது. அவள் அதைத் தோளிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாமா, என் பேரோட முதல் எழுத்தையும் போடுங்க." ஒரு மூச்சு விட்டாள். இவ்வளவு தூரம் வந்த பிறகு மிச்சத்தை வைத்துக்கொள்வானேன் என்று தோன்றியிருக்க வேண்டும். "முன்னாடி போடுங்க. அவரு எழுத்துக்கும் முன்னாடி."