வீட்டில் இல்லாதவர்

அன்று மாலை ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் நகரம் முழுக்க ஒரே வேலை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்ப வேண்டும். ஓர்னெல்லாவின் தெருவில் பாதிப் பேர் இத்தாலியிலிருந்து வந்தவர்கள். மீதிப் பேர் குரோவேஷியா, போர்ச்சுகல். கடைசி வீட்டு நூங்கார் குடும்பம், அந்த மண்ணின் பூர்வகுடிகள், அது மட்டும் எங்கிருந்தும் வராதது. எல்லார் வீட்டிலும் அதே படிவம்.

ஓர்னெல்லாவின் வீட்டில் அது முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

“இன்னைக்கு ராத்திரி இந்த வீட்ல எத்தனை பேர்? மூணு,” என்று அம்மா பேனாவை எடுத்தாள்.

“நாலு,” என்றாள் ஓர்னெல்லா.

“பூனையைச் சேர்த்தா நாலுதான்,” என்றான் தம்பி நீனோ.

“வாயை மூடுடா. நான் அப்பாவைச் சொல்றேன்.”

அப்பா மார்ச் மாதமே இறால் படகில் வடக்கே ஷார்க் விரிகுடாவுக்குப் போய்விட்டார். அக்டோபரில்தான் வருவார். இது ஆகஸ்ட். அவருடைய மழைக்கோட்டு கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. ஓர்னெல்லா சில நாள் அதன் பைக்குள் கையை விட்டுப் பார்ப்பாள். உள்ளே ஒன்றும் இருக்காது.

“இன்னைக்கு இங்க தூங்கறவங்களைத்தான் எழுதணும். அப்பாவைப் படகுல எழுதிக்குவாங்க,” என்றாள் அம்மா.

“அப்போ இந்த வீட்ல அப்பான்னு ஒருத்தர் இருக்கறதே யாருக்கும் தெரியாதே!”

“நான் என்னடி பண்ண? அப்படித்தான் கேட்டிருக்கான்.” அம்மா மூன்று என்று எழுதிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து யோசிப் மாமா கூப்பிட்டார். “ஏ குட்டி! என் கண்ணாடி உடைஞ்சு போச்சு. வந்து இந்தக் காகிதத்தைப் படிச்சு எழுதிக் குடு.”

ஓர்னெல்லாவுக்குப் போக மனமில்லை. ஆனால் அந்த வயதான மனிதர் படிவத்தை மூக்கோடு ஒட்டவைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் போனாள்.

“எத்தனை பேர், மாமா?”

“ஒண்ணு. சின்ன எண்ணு. சீக்கிரம் முடிஞ்சிடும்.”

“பிறந்த நாடு?”

“நான் பிறந்தப்போ எங்க தீவை உங்க இத்தாலிக்காரங்க பிடிச்சு வச்சிருந்தாங்க. கப்பல் ஏறினப்போ அது யுகோஸ்லாவியா. இப்போ குரோவேஷியா. தீவு மட்டும் இருந்த இடத்துலயேதான் இருக்கு.”

ஓர்னெல்லா குரோவேஷியா என்று எழுதினாள். “வீட்ல பேசற மொழி?”

“ரேடியோவோடதான் பேசறேன். இங்கிலீஷ்னு போடு.”

“இன்னும் நிறைய இருக்கு, மாமா. போதுமா?”

“எல்லாத்தையும் படி. பாதியில விட்டா என்னை அரை ஆளுன்னு எழுதிடுவான்.”

ஓர்னெல்லா பொறுமையாகப் படித்தாள். கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு கேள்வி இருந்தது: ‘வழக்கமாக இங்கே வசிப்பவர்களில் யாராவது இன்று இரவு வெளியூரில் இருக்கிறார்களா? பெயர் எழுதவும்.’

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

“என் பையன் மெல்பர்ன் போய் இருபது வருஷமாச்சு,” என்றார் யோசிப் மாமா. “அது வெளியூர்ல இருக்கறது இல்ல. போயாச்சு. யாரும் இல்லைன்னு போடு.”

“நிஜமாவா மாமா?”

“போடுன்னா போடு.”

போட்டாள். அவர் விரலைப் பிடித்துக் கையெழுத்துப் போடும் கோட்டின்மேல் வைத்தாள். அவர் கையெழுத்தை முடித்ததும் வேலியைத் தாண்டி ஓடினாள்.

“அம்மா! நீ கடைசி வரைக்கும் படிக்கவே இல்ல!”

அம்மா கரண்டியோடு வந்தாள். படித்தாள். பேனாவை மகளிடம் நீட்டினாள்.

ஓர்னெல்லா அப்பாவின் பெயரைக் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக ‘சவேரியோ’ என்று எழுதத் தொடங்கினாள். நீனோ எட்டிப் பார்த்தான்.

“பேரு எழுதினா அப்பா இன்னைக்கே வந்துடுவாரா?”

“இல்ல. அக்டோபர்லதான்.”

“அப்புறம் எதுக்கு எழுதற?”

“இங்க ஒருத்தர் இல்லைன்னு அவங்களுக்கும் தெரியட்டும்.”

நீனோ கொஞ்சம் யோசித்தான்.

“அப்போ பெருசா எழுது,” என்றான்.