இதெல்லாம் ஒரு ஊரா?

பால் வாங்கப் போகும் முன் பால் மேலுள்ள ஆசையை விட்டுவிட வேண்டும். டாலஸ் புறநகரில் எல்லோருக்கும் பழகிப்போன காலை வேலை அது. கடை வாசலில் எப்போது பார்த்தாலும் பத்துப் பேராவது கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள். சாமி கும்பிடுகிறார்கள் என்று புதிதாக வந்தவர்கள் நினைத்துக்கொள்வதுண்டு. பல் மருத்துவரையோ வருமான வரிப் படிவத்தையோ நினைத்து மனத்தைக் காயவைத்துக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

எல்லாம் ஆசைமானி செய்த வேலை. 2086-இல் அமெரிக்காவில் எந்தப் பொருளிலும் விலை எழுதியிருப்பதில்லை. கடை வாசல் நிலையில் பதித்த கண்ணாடிக் குமிழ் ஒன்று, உள்ளே வருபவரின் நாடித்துடிப்பையும் கண்மணியையும் பார்த்து, எதற்கு எவ்வளவு ஏங்குகிறார் என்று அளந்துவிடும். ஏக்கம் ஏறினால் விலையும் ஏறும். கூட வந்தவரின் ஏக்கத்தையும் விடாமல் சேர்த்துக்கொள்ளும். ஐஸ்கிரீமை ஓரக்கண்ணால் பார்த்த பாவத்துக்கு நறுமுகை ஒருமுறை நாற்பது டாலர் அழுதிருக்கிறாள்.

ஆனால் அவளிடம் ஒரு புதையல் இருந்தது. கணவர் இனியன். பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள். மதுரையிலிருந்து வந்து முப்பது வருடமாகியும் அந்த மனுஷருக்கு இந்த நாட்டில் ஒன்றுமே பிடித்தபாடில்லை. கடைக்குள் கால் வைத்ததும், "இதெல்லாம் ஒரு தக்காளியா? எங்க மதுரையில..." என்று ஆரம்பிப்பார். சுவரிலுள்ள பலகையில் விலை சரசரவென்று இறங்கும். தெருவிலிருந்த தமிழ்க் குடும்பங்கள் முறைபோட்டு அவரை இரவல் வாங்கின.

"அண்ணே, சனிக்கிழமை சோபா பாக்கப் போறோம். ஒரு அரைமணி நேரம் வந்து திட்டிட்டுப் போங்கண்ணே. நீங்க மனசு வச்சாத்தான் நாங்க உக்கார முடியும்."

இனியன் தலையைச் சீவிக்கொண்டு பெருமையாகக் கிளம்பிவிடுவார்.

இப்படி ஜாம்ஜாமென்று போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் நிலாவிலிருந்து மகள் தூரிகை அழைத்தாள். அங்கே வெண்குடி என்ற குடியிருப்பில் வேலை பார்க்கும் அவளுக்கு இருபது நாளில் முதல் பிரசவம்.

"அம்மா, வந்துருவல்ல? எனக்கு ஒரு மாதிரி பயமா இருக்கும்மா."

நறுமுகை அன்றே பயணச்சீட்டு நிலையத்துக்கு ஓடினாள். இருவருக்கும் சேர்த்துப் பலகை இரண்டு லட்சம் டாலர் காட்டியது. கையிலிருந்ததோ எண்பதாயிரம். பல் மருத்துவரை நினைத்துப் பார்த்தாள். அவர் முகத்திலும் மகளின் முகமே தெரிந்தது. சரி, புதையலை எடுக்க வேண்டியதுதான் என்று மறுநாள் இனியனை அழைத்துக்கொண்டு போனாள். பயணிகள் நேரில் வந்து நிற்க வேண்டும் என்பது சட்டம்.

இனியன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நிலாவெல்லாம் ஒரு ஊரா? ஒரு மரம் உண்டா, மட்டை உண்டா? சும்மா குடுத்தாலும் எவன் போவான்?"

பலகை ஒரு நொடி யோசித்துவிட்டு நான்கு லட்சம் என்றது.

"மிஷின் கெட்டுப்போச்சுங்க," என்றாள் நறுமுகை.

சீட்டுக் கொடுக்கும் பணிப்பொறி பவ்வியமாகத் தலையசைத்தது. "பழுதில்லை அம்மா. கூடியிருக்கும் ஏக்கம் ஐயாவுடையது."

நறுமுகை திரும்பிப் பார்த்தாள். இனியன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "புள்ள தனியா பயந்துக்கிட்டு இருக்கும்ல," என்றார் மெதுவாக. அவளும் மகளை நினைத்துக்கொண்டாள். விலை இன்னும் பத்தாயிரம் ஏறியது. இரண்டு பேரும் வெளியே ஓடிவந்துவிட்டார்கள்.

மூன்று நாள் யோசித்ததில் அவளுக்கு ஒன்று புரிந்தது. மனுஷர் மகளை மறக்க வேண்டும். அவர் உலகத்தையே மறந்து பேசுவது ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான். நாலாம் நாள் நிலையத்துக்குள் நுழைந்ததுமே தூண்டிலைப் போட்டாள்.

"என்னங்க, காலைல ஃப்ரிட்ஜ் டிப்ஸ் கேட்டுச்சே, எவ்வளவு குடுத்தீங்க?"

"அந்தக் கூத்த ஏன் கேக்குற!" இனியன் பொங்கிவிட்டார். "கதவத் தொறந்ததுக்கு இருவது சதவீதமாம்! தண்ணி கேட்டா தம்ளர் பூரா ஐஸக் கொட்டிக் குடுக்குறாய்ங்க. எதுத்தாப்புல இருக்க கடைக்குக் காரு. நல்லா இருக்கியான்னு கேப்பான், பதிலச் சொல்றதுக்குள்ள அடுத்த தெருவுக்குப் போயிருவான்! பல்லு வலின்னு போனா, இன்சூரன்ஸ்ல நாக்குதான் வருது, பல்லு வராதுங்கிறாய்ங்க. ஏன்டா, பல்லு என்ன பக்கத்து வீட்டுலயா இருக்கு?"

நறுமுகைக்குச் சிரிப்பு பீறிட்டது. வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசப் பேச, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சிரிக்க, நிலாவை இருவருமே மறந்துபோனார்கள். பலகையில் எழுபத்தெட்டாயிரம் என்று வந்தபோது, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கிவிட்டாள்.

"திரும்பி வருவதற்கும் இப்போதே எடுக்கிறீர்களா ஐயா?" என்றது பணிப்பொறி.

"அமெரிக்காவுக்கு வரணும்னு எனக்கு ஆசையா, என்ன? அது சும்மாவே கிடைக்கும். போப்பா!"

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். இனியன் அவளைக் கையில் வாங்கி, யார் பார்க்கிறார்கள் என்றும் பார்க்காமல் ஒரு பாட்டம் அழுதார். அந்த ஒரு வாரம் அவர் எதையுமே குறை சொல்லவில்லை. எட்டாம் நாள் வெண்குடியின் உணவுக்கூடத்தில் அவர் குரல் கணீரென்று கேட்டது.

"இதெல்லாம் ஒரு தண்ணியா? எங்க அமெரிக்காவுல தம்ளர் நெறய ஐஸ் போட்டுக் குடுப்பாய்ங்க தம்பி. காரெடுத்தா காத்து மாதிரி போலாம். முன்னப்பின்ன தெரியாதவன்கூட நல்லா இருக்கியான்னு கேட்டுட்டுத்தான் போவான். மனுஷங்கய்யா!"

நறுமுகை கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். மதுரையில் கல்யாணமான புதிதில், மாட்டுத்தாவணியில் பேருந்துக்கு நிற்கும்போதெல்லாம் "இதெல்லாம் ஒரு ஊரா?" என்று இதே குரல் கேட்டது அவளுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மூன்று மாதம் முடிந்தது. திரும்பும் சீட்டுக்காக வெண்குடி நிலையத்தில் போய் நின்றார்கள். பலகை ஒன்பது லட்சம் என்றது. இனியன் வாயைத் திறந்து மூடினார். அமெரிக்காவைத் திட்டுவதற்கு அவரிடம் ஒரு சொல்கூட மிச்சமில்லை.

"நீ கொஞ்சம் திட்டிப் பாரேன்," என்றார் பரிதாபமாக.

நறுமுகை முந்தானையைச் செருகிக்கொண்டாள். "அதெல்லாம் ஒரு நாடா? கதவத் தொறந்தா ஃப்ரிட்ஜ் டிப்ஸ் கேக்குது..."

"ஆமா," என்றார் இனியன். "பாவம், நம்ம ஃப்ரிட்ஜு. தனியாக் கெடக்கும்."

அவர் கண் கலங்கியது. பலகை பத்து லட்சத்தைத் தாண்டியது.