தானாய் அணையும் ஒயர்!

கடை டெலிபோன் அலறியது.

எடுத்த வெங்கடேஷ்பாபுவுக்கு வேர்த்துக் கொட்டியது.

"இன்ஸ்பெக்டர் நல்லகாமன் பேசுறேன். வாடிப்பட்டியில ஒரு புது வீடு எரிஞ்சு போச்சு. முருகம்மாள்னு ஒரு அம்மா செத்துட்டாங்க. சுவத்துக்குள்ள ஓடுறது உங்க கடை ஒயராம்ல? இருங்க... வாரேன்!"

ரிசீவரை வைத்தார்.

மதுரையில் எலெக்ட்ரிகல் கடை வைத்துச் சம்பாதித்த பேர்... இன்றோடு போச்சு!

அந்த வீட்டுக்கென்று அவர் குடோன் மூலையில் ஒதுக்கி வைத்தது போலி ஒயர். தீப்பிடித்தாலும் தானாக அணையும் ரகம் என்று மேலே அச்சடித்திருக்கும். பொறி பட்டால் போதும், பற்றி எரியும்! அதே வாரம் நாகமலை புதுக்கோட்டையில் அவருடைய சொந்த வீட்டுக்கும் ஒயர் போனது. அதற்கு மட்டும் அசல்.

ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் கையில் ஒரு முழ ஒயர்.

"எரியாத ரூம்ல சுவத்தக் கொத்தி எடுத்தது."

தீக்குச்சியைக் கிழித்து நுனியில் பிடித்தார்.

வெங்கடேஷ்பாபு கண்ணை மூடிக்கொண்டார். மனைவி... மகள் ரம்யாஸ்ரீ... ஜெயில் கம்பி...

"கண்ணத் தொறங்க சார்!"

திறந்தார். குச்சியை விலக்கியதும் ஒயரில் பிடித்த நெருப்பு... அணைந்திருந்தது!

"அசல் சரக்கு! ஒயர்லதான் தீப்பிடிச்சுச்சுன்னு அந்த அம்மாவோட மருமகன் சாதிச்சான். பொய்! மண்ணெண்ணெய ஊத்திக் கொளுத்திட்டு, பழிய உங்க தலையில கட்டப் பாத்திருக்கான். இந்தக் காலத்துல இம்புட்டு நேர்மையா ஒரு வியாபாரி!"

அப்பாடா!

நிம்மதி ஒரு மூச்சுக்குத்தான். அசல் அங்கே போயிருந்தால்... போலி?

குடோன் ஆள் பேயாண்டியை ஓரமாக இழுத்தார்.

"வாடிப்பட்டிக்கு எதடா அனுப்புன?"

"ரேக்குல இருந்தத, முதலாளி."

"மூலையில கிடந்தத?"

"நம்ம வீட்டுக்கு! நீங்க தனியா ஒதுக்கிப் போட்டா அது கழிச்ச சாமான்தானே? உங்க வீட்டு ஃபேன், மிக்ஸி அம்புட்டும் அப்படி வந்ததுதானே? நல்லது கஸ்டமருக்குன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீக!"

சொல்லிக் கொடுத்தது அவர்தான். எது யாருக்கு என்று இந்தத் தடவை வாய் திறக்காததும் அவர்தான். திறந்தால் குட்டு உடைந்துவிடுமே!

டெலிபோன் மறுபடி அலறியது.

"அப்பா..." ரம்யாஸ்ரீ! "புது ஏசியப் போட்டோம்ப்பா. சுவத்துக்குள்ள ஏதோ கருகுற வாடை வருது..."

"மெயினை ஆஃப் பண்ணு! அம்மாவக் கூட்டிட்டு வெளிய ஓடு!"

"அம்மா மாடியில குளிக்கிறாங்க... அய்யோ, புகை..."

லைன் செத்தது.

மறுபடி மறுபடி நம்பரைச் சுழற்றினார். மணியே போகவில்லை. அவர்கள் அங்கே, இவர் இங்கே. இந்தப் பாவி இங்கே நின்று என்ன செய்ய முடியும்?

"சார்... ஃபயர் சர்வீஸக் கூப்பிடுங்க... என் வீட்டுச் சுவத்துக்குள்ள... ஒயரு..."

கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினார்.

ஜீப்பில் ஏறப் போன நல்லகாமன், திரும்பி வந்து சிரித்தபடி தோளில் தட்டினார்.

"இதுக்குப் போய் நடுங்குறீங்களே! உங்க கடை ஒயர்தானே சார்? தானா அணைஞ்சிடும்!"